பார்த்தவர் எழுதக்கூடாது

அந்த வருடம் நானும் அண்ணனும் பேசிக்கொள்வதில்லை என்று அம்மா முடிவு கட்டியிருந்தாள். உண்மையில் பேசிக்கொண்டுதான் இருந்தோம். சாம்பாரில் உப்பு, கரண்ட் பில், அப்பாவின் முழங்கால் வலி எல்லாவற்றையும் பேசினோம். கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஆனால் எங்கள் இருவருக்கும் அதைத் தவிர வேறு பேச்சே இருந்ததில்லை என்பதால், அதை எடுத்துவிட்டால் மிச்சம் எதுவும் இல்லாத மாதிரிதான் அம்மாவுக்குப் பட்டது.

"அப்படி என்னடி கோவம் அவன்மேல?"

"கோவம் எல்லாம் இல்லம்மா. அதைப் பத்திப் பேசக்கூடாதுன்னு ரூல்."

"யாரு போட்ட ரூல்?"

"போலந்துல ஒருத்தர்."

"போலந்துல இருக்கறவன் சொன்னா கூடப் பொறந்தவன்கிட்ட பேச மாட்டியா நீ?"

இதற்கு மேல் விளக்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை. சரி, சண்டைதான் போ என்று விட்டுவிட்டேன்.

நான் இன்ஜினியரிங் முடித்து வீட்டில் இருந்தேன். கடைசி வருடத்திலேயே கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்து, சேலையூரில் எங்கள் காலனி முழுக்க அம்மா ஸ்வீட் கொடுத்தாயிற்று. பிறகு அமெரிக்காவில் என்னவோ கவிழ்ந்தது. ஜாயினிங் டேட் பின்னர் தெரிவிக்கப்படும் என்று மெயில் வந்தது. பின்னர் எதுவும் தெரிவிக்கப்படவில்லை. ரிசஷன் என்ற வார்த்தையைத் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர்கூடச் சொல்ல ஆரம்பித்திருந்தார். துணி வாங்கப் போனால், "இன்னும் உன்ன கூப்டலியா பாப்பா?" என்று தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார். இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

அண்ணனுக்குக் கிண்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. காலையில் தாம்பரத்தில் ரயில் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவான். அவன் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய லேப்டாப்பை வாங்கி வந்து, விண்டோஸை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டான். எல்லாம் வேலை செய்தது, உள்ளே இருந்த வயர்லெஸ் கார்டைத் தவிர. எங்கள் இரண்டு பேரின் வாழ்க்கையிலும் இந்த வேலை நுழைந்தது அந்தக் கார்டு வழியாகத்தான்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு உறுப்பையும் வேலை வாங்க ஒரு நிரல் வேண்டும். அதைத்தான் டிரைவர் என்கிறோம். அந்த வயர்லெஸ் சிப்பைச் செய்த கம்பெனி விண்டோஸுக்கு மட்டும் டிரைவர் கொடுத்தது. அதுவும் மூடி முத்திரையிட்ட பொட்டலம் மாதிரி. பயன்படுத்தலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. சிப் எப்படி வேலை செய்கிறது என்பதற்கான விளக்கப் புத்தகத்தைக் கேட்டு உலகெங்கும் இருந்து எழுதினார்கள். பதில் இல்லை. எனவே சம்பளமில்லாத ஒரு கூட்டம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தறியாதவர்கள், அந்த டிரைவரைத் தாங்களே புதிதாக எழுதக் கிளம்பியது.

காப்பியடித்தார்கள் என்று கம்பெனி வழக்குப் போடக்கூடாது என்பதற்காக அந்தக் கூட்டம் ஒரு முறை வைத்திருந்தது. சிலர் கம்பெனியின் டிரைவரைப் பிரித்துப் போட்டுப் படிப்பார்கள். படித்துவிட்டு, சிப்புக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் சாதாரண வாக்கியங்களில் எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு இணையப் பக்கத்தில் எழுதுவார்கள். இந்த இடத்தில் இந்த எண்ணைப் போடு, கொஞ்சம் பொறு, அந்த இடத்தில் என்ன வருகிறது என்று படி, என்கிற மாதிரி. வேறு சிலர் அந்தப் பக்கத்தை மட்டும் படித்து, கம்பெனியின் டிரைவரைக் கண்ணாலும் பார்க்காமல், சொந்தமாகக் கோட் எழுதுவார்கள். பார்த்தவர் எழுதக்கூடாது, எழுதுபவர் பார்க்கக்கூடாது. இரண்டு தரப்புக்கும் நடுவில் அந்தப் பக்கத்தைத் தவிர வேறு பேச்சு கிடையாது. கேள்வி இருந்தாலும் அதில்தான் கேட்க வேண்டும்.

அண்ணன் முதலிலேயே படிக்கும் தரப்பில் சேர்ந்துவிட்டான். வேலைக்குக் கூப்பிடாமல் சும்மா இருந்த நான் பிறகு சேர்ந்தேன், எழுதும் தரப்பில். அவன் உள் ரூமில் டெஸ்க்டாப்போடு, நான் ஹாலில் அந்த லேப்டாப்போடு. எனக்கு ஒரு சந்தேகம் வந்தால் அந்தப் பக்கத்தில் எழுதுவேன். அது கடல் தாண்டிப் போய், எங்கோ ஒரு சர்வரில் இறங்கி, நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்து கையை நீட்டினால் தட்டக்கூடிய கதவுக்கு அந்தப் பக்கம் திரும்ப வரும். அவன் இங்கிலீஷில் "நல்ல கேள்வி" என்று ஆரம்பித்துப் பதில் போடுவான். என்னிடம் ஒருநாளும் வாயால் அப்படிச் சொன்னதில்லை.

காபி கொடுக்கப் போனால்கூட மானிட்டரை அணைத்துவிடுவான்.

"நான் ஒண்ணும் பாக்கலை."

"பாக்கறியோ இல்லியோ, நான் அணைக்கணும்."

"அப்ப காபிய நீயே வந்து எடுத்துக்க."

"எடுத்துக்கறேன். கதவைச் சாத்திட்டுப் போ."

இதையெல்லாம் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் சண்டை என்று தோன்றாது.

வேலை என்பது பெரும்பாலும் காத்திருத்தல்தான். நான்கு வரி மாற்றுவேன். அதை மெஷினுக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்ற, கம்பைல் செய்வேன். பழைய டிரைவரை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றுவேன். லேப்டாப் அப்படியே உறைந்துபோகும். மவுஸ் நகராது, கீபோர்டில் கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் மினுக் மினுக்கென்று எரிந்து அணையும். லினக்ஸின் உயிர்நாடியான கர்னல் செத்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி எழுப்பி, எந்த வரியில் செத்தது என்று தேட வேண்டும். பழைய லேப்டாப் எழுந்திருப்பதற்குள் ஒரு குக்கர் சாதம் வைத்துவிடலாம். அம்மா தாண்டிப் போகும்போது எட்டிப் பார்த்து, "திரும்பக் கண்ணடிக்குதா?" என்பாள். "ம்" என்பேன். ஒரு நாளில் அதைத் தவிர வேறு எதுவும் நடந்திருக்காது. ஓடியாடி வேலை செய்து களைத்தால் தூக்கமாவது வரும். இது உட்கார்ந்த இடத்திலேயே களைப்பது. எழுந்தால் கால் மரத்திருக்கும், தலை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனாலும் நகர்ந்தது. ஒருநாள் மத்தியானம், சிப் முதன்முறையாகக் காதைத் திறந்து, எதிர் பிளாட்காரரின் நெட்வொர்க் பெயரைத் திரையில் காட்டியது. அவர் தன் பெண்ணின் செல்லப்பெயரை அதற்கு வைத்திருந்தார். அந்தச் செல்லப்பெயரைப் பார்த்து நான் அழுதேன் என்றால் அவர் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். அடுத்த சில மாதங்களில் எங்கள் வீட்டு ரூட்டருடன் பேச ஆரம்பித்தது, பிறகு கடவுச்சொல்லுடன் பேச ஆரம்பித்தது. கடைசியில் ஒரே ஒரு குறை மிச்சம் இருந்தது.

தொடர்பு அறுந்து போகும். நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று வேகம் சரியும், பிறகு ஒன்றும் போகாது. இறக்கி ஏற்றினால் மறுபடி ஓடும். எப்போது அறும் என்பதற்குக் கணக்கே கிடையாது.

போலந்துக்காரர், அவர்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைமை, எனக்கு எழுதியிருந்தார். இந்தக் குறை மட்டும் தீர்ந்தால் டிரைவர் கர்னலுக்குள் போகத் தயார். போனால் அதன் பொறுப்பாளராக என் பெயரைப் போடலாம் என்று நினைக்கிறேன், சம்மதமா? பொறுப்பாளர் என்றால், உலகத்தில் அந்தக் கார்டு இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரில் என்ன தகராறு வந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். யார் என்ன திருத்தம் அனுப்பினாலும் நான் பார்த்துச் சரி என்றால்தான் உள்ளே போகும். கழுத்தில் போட்டுக்கொள்ள ஒரு ஐடி கார்டுகூட இல்லாமல் ஹாலில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை. அதைத் தவிர வேறு எதுவும் நான் அப்போது ஆசைப்படவில்லை. ஜாயினிங் டேட்டைக்கூட.

எனவே அந்தக் குறையை விரட்டினேன். முதலில் பக்கத்து வீட்டு கார்ட்லெஸ் போனைச் சந்தேகப்பட்டேன். பிறகு எதிர் பிளாட்டின் மைக்ரோவேவை. பிறகு, வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், கேம்ப் ரோடுக்கு மேலே தாழப் பறக்கும் பயிற்சி விமானங்களை. விமானச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மொட்டை மாடிக்கு ஓடி நேரம் குறித்துக்கொண்டு, கீழே வந்து பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்த கீழ் வீட்டு மாமி, "ஏர்ஃபோர்ஸ்ல சேரப் போறியா?" என்று கேட்டாள். விமானங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிவதற்குள் தோல் கறுத்துவிட்டது.

இணையப் பக்கத்தில் கேள்வி போட்டிருந்தேன். "அந்தப் பகுதி இன்னும் எழுதப்படவில்லை" என்று பதில் இருந்தது. எழுத வேண்டியவன் உள் ரூமில் இருந்தான். ஆபீஸில் அவனுக்கு ஏதோ சாஃப்ட்வேர் ரிலீஸ் நெருக்கடி, சனி ஞாயிறில்தான் இதைத் தொட முடிந்தது. நான் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தட்டவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஹால் மேஜைமேல் வெயில் விழுந்ததால் லேப்டாப்பைத் தூக்கித் தரையில் வைத்தேன். மொசைக் தரை சில்லென்று இருந்தது. அன்று தொடர்பு வெகுநேரம் அறவில்லை. இதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. தரையில் ஒருநாள், மேஜையில் ஒருநாள் என்று வைத்துப் பார்க்க வேண்டும், மறுநாள் ஆரம்பிக்கலாம் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை. அண்ணன் இன்னும் எழுந்திருக்கவில்லை. அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தட்டு வைத்து, ஒன்று போட்டு, சட்னி ஊற்றிவிட்டு, நல்ல செய்தி சொல்லப் போகிறவர்களுக்கு வரும் முகத்தோடு என் எதிரில் நின்றாள்.

"நேத்து அவன்கிட்ட நல்லாப் பேசிட்டேன். பொண்ணு எலும்பும் தோலுமா ஆயிட்டா, நீ பாத்துகிட்டே இருக்கியேடான்னு கேட்டேன். முதல்ல மாட்டேன்னுட்டான். விடலை நான்."

"என்னம்மா பேசின?"

"அது சூடாகுதாம்டி. உள்ள இருக்கற சிப்பு. சூடானா அது அனுப்பற சிக்னலோட அளவு மாறிப் போயிடுதாம். நீ பழைய அளவுலயே அனுப்பிக்கிட்டு இருக்கியாம், அதான் அறுந்து போகுதாம்."

தோசை வாயில் இருந்தது.

"அப்பப்ப நிறுத்தி, திரும்ப அளந்து பாக்கணுமாம். அந்தக் கம்பெனிக்காரன் நிமிஷத்துக்கு ஒருதரம் அளக்கறானாம். சூட்டுக்கு இவ்வளவுன்னு ஒரு டேபிள் வெச்சிருக்கானாம், அதைப் பாத்து மாத்திக்கறானாம்."

"அம்மா, போதும்."

"இருடி, இன்னொண்ணு சொன்னான். அளக்கறப்ப அனுப்பறதை நிறுத்திடணுமாம், இல்லன்னா தப்பா வருமாம். தோசைக்கல்லு காஞ்சுதான்னு தண்ணி தெளிச்சுப் பாக்கற மாதிரிடான்னு கேட்டேன். ஆமாம்மா, அதேதான்னான்."

வீட்டுக்கு வரும் போன் செய்திகளையெல்லாம் அப்பாவுக்கு ஒரு வார்த்தை சிந்தாமல் ஒப்பிக்கிறவள் என் அம்மா. எத்தனை வருடப் பழக்கம். அண்ணன் அதை மறந்திருக்க வேண்டும்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைக்க முடியாது. சிதறிக் கிடந்தது எல்லாம் பட்டென்று ஒன்று சேர்ந்தது: மத்தியானம், மேஜை வெயில், சில்லென்ற தரை. எந்தக் கோப்பில், எந்த இடத்தில், எப்படி எழுத வேண்டும் என்று வரி வரியாகத் தெரிந்தது. அதற்கு அடுத்து, தட்டில் இருந்த பாதித் தோசையைப் பார்த்துக்கொண்டே, அந்த வரிகளை இனி நான் எழுத முடியாது என்பதும் தெரிந்தது.

சூடுதான் காரணம் என்று ஒருவேளை நானே ஓரிரு நாளில் கண்டுபிடித்திருப்பேன். அதை யாரிடம் நிரூபிப்பது? எனக்கே நிச்சயமில்லை. நிமிஷத்துக்கு ஒருதரம் என்பதும், டேபிள் என்பதும் நான் கண்டுபிடித்திருக்கக் கூடியவை அல்ல. அவை சிப்புக்கு என்ன வேண்டும் என்பதல்ல. கம்பெனியின் ஆட்கள் உட்கார்ந்து யோசித்துத் தங்கள் டிரைவரில் செய்துவைத்த முடிவுகள். அண்ணன் பக்கத்தில் எழுதியிருந்தால் அந்த இரண்டும் அதில் வந்திருக்கவே வந்திருக்காது.

"சாப்பிடு. ஆறிப் போகுது," என்றாள் அம்மா. "இப்பவாவது அவன்கிட்ட முகம் குடுத்துப் பேசு."

மத்தியானம் கோதுமை அரைக்க மில்லுக்குப் போக வேண்டும் என்று அம்மா சொன்னபோது, நானும் வருகிறேன் என்றேன். அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அவசரமே இல்லை, மெதுவாக வாங்க என்று தூக்கைக் கொடுத்து அனுப்பினாள்.

மாவு மில் கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில். எங்களுக்கு முன்னால் மிளகாய், மல்லி என்று தூக்குகள் வரிசையில் நின்றன. மிஷின் ஓடும் சத்தத்தில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. அதனால்தான் அங்கே ஆரம்பித்தேன்.

"அம்மாகிட்ட என்ன சொன்ன நீ?"

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. முகம் செத்துப்போயிற்று. "சொல்லிட்டாங்களா?"

"டேபிள் வரைக்கும்."

"நான் அம்மாகிட்டதான் சொன்னேன். அம்மா என்ன, கோட் எழுதப் போறாங்களா?"

"அம்மா வாயால வந்தா அது கம்பெனி கோட் இல்லாமப் போயிடுமா?"

"கட்டில்ல உக்காந்துகிட்டு எழுந்திருக்கவே மாட்டேன்னாங்க. அழுதாங்க. ஏதோ வாயில வந்ததைச் சொன்னேன். அவங்களுக்கு அப்படியே ஞாபகம் இருக்கும்னு நான் கண்டேனா?"

"தோசைக்கல்லு உதாரணம்கூட ஞாபகம் இருக்கு."

"அது அவங்க சொன்னது."

மிளகாய் நெடியில் அவனுக்குத் தும்மல் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, காதருகில் குனிந்து கத்தினான்.

"இங்க பாரு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. அந்தப் பகுதிய எழுதிப் போட்டுடறேன். பாதி எழுதியாச்சு. சிப்புக்கு என்ன வேணும்ங்கறது மட்டும். நீ அதைப் படி, எழுது. முடிஞ்சுது. யாருக்குத் தெரியப் போகுது?"

"எவ்வளவு நேரத்துக்கு ஒருதரம் அளக்கணும்னு அதுல இருக்குமா?"

"இருக்காது. அது அவன் முடிவு பண்ணது."

"அப்ப நான் எவ்வளவு வைக்கறது?"

"உனக்குத் தோணுறத வை."

"ஒரு நிமிஷம்னுதான் தோணும். இனிமே வேற எதுவும் தோணாது. ரெண்டு நிமிஷம் வெச்சா, காப்பியடிக்கலைன்னு காட்டறதுக்காக வெச்சதா இருக்கும். எதை வெச்சாலும் அது நான் வெச்சது இல்ல."

நான்தான் விடாமல் பேசினேன். நாளைக்குக் கம்பெனி கேட்டால், என் ஒருத்தியால் அத்தனை பேர் எழுதியதும் சந்தேகத்துக்கு உள்ளாகும், பொறுப்பாளர் என்று பெயரைப் போட்டுக்கொண்டு தினம் இதை நினைத்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது, கூட்டத்தின் மெயில் லிஸ்ட்டில் எழுதிவிடப் போகிறேன், என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"சொன்னா என்னையும் தூக்கிடுவாங்க," என்றான் அவனும் கத்தலாக.

"தெரியும். அதான் உன்னைக் கேக்கறேன்."

"இன்னாமா, ரெண்டு பேரும் இப்டி கத்திகினு கீறீங்க," என்றார் மில்காரர். "மிஷினு நின்னு எவ்ளோ நேரமாவுது. தூக்கக் குடு."

சுற்றி நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். தூக்கைக் கொடுத்தோம். மறுபடி சத்தம் எழுந்தது. அண்ணன் ஓரமாகப் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டான். அவன் எவ்வளவு இளைத்திருந்தான் என்பதை அப்போதுதான் பார்த்தேன். ரயில், ஆபீஸ், ரயில், அதற்குப் பிறகு இது. என்னைப் பற்றிக் கவலைப்பட்ட அம்மா இவனையும் பார்த்திருக்கலாம்.

"எழுது," என்றான், மாவு வாங்கிக்கொண்டு திரும்பும்போது. "தூக்கினா தூக்கட்டும். ஞாயித்துக்கிழமை ஒருநாளாவது தூங்கறேன்."

அந்த மெயிலை எழுத வெகுநேரம் பிடித்தது. கூட்டத்தில் எல்லோரும் படிக்கும் லிஸ்ட் அது. முகம் தெரியாதவர்களுக்கு இங்கிலீஷில், மதிப்புக்குரியவர்களே, கம்பெனி டிரைவரின் உள்விவரம் எனக்குத் தெரிந்துவிட்டது, என் அம்மா சொன்னார், என்று எப்படி எழுதுவது? எப்படி எழுதினாலும் கிண்டல் மாதிரி இருந்தது. கடைசியில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். என்ன தெரிந்தது என்பதை மட்டும் எழுதவில்லை, எழுதினால் படிக்கிற அத்தனை பேருக்கும் அது ஒட்டிக்கொள்ளும். அண்ணன் பின்னால் நின்று படித்தான். முதன்முறையாக இருவரும் ஒரே திரையைப் பார்த்தோம். "மதர்ங்கறதுக்கு முன்னாடி 'மை'ன்னு போடு," என்று ஒரே ஒரு திருத்தம் சொன்னான்.

பதில்கள் வந்தன. ஒருவர், உங்கள் அம்மாவைப் படிக்கும் தரப்பில் சேர்த்துக்கொள்ளலாமா, இப்போது இருப்பவர்களைவிட வேகமாக இருக்கிறார், என்று எழுதினார். சிரித்தேன். போலந்துக்காரரின் பதில் திங்கட்கிழமை வந்தது. சொன்னதற்கு நன்றி, பலர் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று ஆரம்பித்தார். நான் இதுவரை எழுதியது அப்படியே இருக்கலாம், அது முன்பே எல்லோர் பார்வையிலும் இருக்கிறது. ஆனால் சிக்னல் அனுப்பும் திறன், அதாவது அம்மா சொன்ன அந்த அளவு, சம்பந்தப்பட்ட எந்தக் கோப்பையும் இனி நான் தொடக்கூடாது, அதைப் பற்றி யாருக்கும் யோசனையும் சொல்லக்கூடாது. அண்ணன் இனி அந்தப் பக்கத்தில் எழுத வேண்டாம், வேறொருவர் புதிதாகப் படித்து எழுதுவார். பொறுப்பாளர் எல்லாக் கோப்பையும் தொட வேண்டியவர் என்பதால் அதற்கும் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கிறது, வருந்துகிறேன்.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன். லேப்டாப்பை மூடிவிட்டு மத்தியானம் முழுக்கத் தூங்கினேன். எழுந்ததும் அசதி இன்னும் கூடியிருந்தது.

அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் இப்போது எந்தத் தடையும் இல்லை. எதை வேண்டுமானாலும் பேசலாம். முதல் சில நாட்கள் சாப்பாட்டு நேரத்தில் சிப்பைப் பற்றி நிறையப் பேசினோம். அவன் பார்த்ததை, நான் தவறாக ஊகித்ததை. பிறகு பேச்சு தானாகக் குறைந்தது. இருவருமே ஒன்றும் செய்ய முடியாத ஒன்றைப் பற்றி எவ்வளவுதான் பேசுவது. அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கினான். அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டாள். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அன்னிக்கு நான் சொன்னது சரியா இருந்துச்சாடி?"

"சரியா இருந்துச்சும்மா."

"அப்பாடா. தப்பாச் சொல்லிட்டனோன்னு ஒரே யோசனை எனக்கு."

அவளிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. இருவரும் கலந்து பேசி எடுத்த முடிவுகூட இல்லை. யாருக்கும் வாய் வரவில்லை.

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில், பிரேசிலில் இருந்து யாரோ ஒருவர் அந்தப் பகுதியை எழுதி அனுப்பினார். கார்டு வைத்திருப்பவர்கள் சோதித்துச் சொல்லுங்கள் என்று லிஸ்ட்டில் கேட்டிருந்தார்கள். சோதிப்பதற்கு எனக்குத் தடை இல்லை என்று போலந்துக்காரர் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார். அந்தத் திருத்தத்தை இறக்கி, கம்பைல் செய்து, ஏற்றினேன். விளக்கு மினுக்கவில்லை. லேப்டாப்பை வேண்டுமென்றே வெயில் விழும் மேஜைமேல் வைத்தேன். காலையில் தொடங்கிய பெரிய டவுன்லோடு மத்தியானமும் ஓடிக்கொண்டிருந்தது. அடிப்பக்கம் கைவைக்க முடியாத சூடு. தொடர்பு அறவில்லை.

ஆனால் அவ்வப்போது எல்லாம் ஒரு கணம் நின்று நகர்ந்தது. டைப் செய்யும் எழுத்து திரைக்கு வராமல் தங்கி, பிறகு மொத்தமாக வந்து கொட்டியது. சிப்பை அளக்கும் நேரத்தில் அவர் மற்ற எல்லாவற்றையும் பூட்டிவைத்துவிட்டுக் காத்திருக்கிறார் என்று பார்த்த உடனே தெரிந்தது. அந்தப் பூட்டைக் காத்திருப்பதற்கு முன்பே விட்டுவிட்டுப் பிறகு எடுத்துக்கொண்டால் போதும். வரிகளை இடம் மாற்றுகிற வேலை. அவர் எத்தனை நேரத்துக்கு ஒருதரம் அளக்கிறார் என்றும் பார்த்தேன். ஒரு நிமிஷம் இல்லை. வேறு ஒரு எண். அது நன்றாகவே வேலை செய்தது.

சோதித்ததில் கண்டதை எழுதினேன். வெயிலில் மேஜைமேல் வைத்து காலையிலிருந்து ஓட்டினேன், தொடர்பு அறவில்லை. இடையிடையே மொத்த மெஷினும் ஒரு கணம் நின்று நகர்கிறது. அதற்கடுத்து, இது ஏன் என்றால், என்று ஆரம்பித்து ஒரு பத்தி ஓடிவிட்டிருந்தது. திரும்பப் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அது யோசனை. அந்தப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அழித்தேன். நின்று நகர்கிறது என்ற வாக்கியத்துக்குக் கீழே என் பெயரைப் போட்டு அனுப்பினேன்.